விரிசலுக்கு ஒரு வேலி

பீங்கானைப் போல் நல்ல பொருள் கிடையாது. துருப் பிடிக்காது. புளியும் உப்பும் அதை ஒன்றும் செய்ய மாட்டா. வருஷக் கணக்கில் ஊறுகாய் போட்டு வைத்தாலும் ஜாடி ஜாடியாகவே இருக்கும். இரும்பு உருகி ஓடுகிற உஷ்ணத்திலும் அசையாமல் நிற்கக்கூடிய பீங்கான் வகைகள் உண்டு. கத்தியால் கீறினால் கத்திதான் மழுங்கும். இத்தனை நல்ல குணங்கள் இருந்தும் என்ன பிரயோஜனம்? கை தவறிக் கீழே விழுந்தால் ஒரு நொடியில் எட்டுத் துண்டு. பித்தளைச் செம்பு விழுந்தால் ஓர் ஒடுக்கு விழும். தட்டி நிமிர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு தலைமுறை அதில் தண்ணீர் குடிக்கலாம். பீங்கானுக்கு ஒடுக்கு விழுவது என்பதே கிடையாது. இருந்தால் முழுசு, இல்லாவிட்டால் சில்லு.

வீட்டில் ஜாடி உடைந்தால் மாமியார் மருமகளுக்குள் ஒரு சின்ன மனஸ்தாபத்தோடு விஷயம் முடிந்துவிடும். தொழிற்சாலையில் அப்படி முடியாது. மின்சாரக் கம்பத்தின் மேலுள்ள வெள்ளைக் குமிழ், மோட்டாரின் தீப்பொறி பிளக், அமிலம் இறைக்கும் பம்பு, உலோகத்தைச் செதுக்கும் கருவி என்று எத்தனையோ இடங்களில் பீங்கானும் அதன் உறவினர்களும் உழைக்கின்றன. இன்னும் எத்தனையோ இடங்களில், "எல்லாம் சரி, ஆனால் உடைந்துவிடுமே!" என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒரு கெட்ட குணத்தை மாற்ற, அதுவும் கட்டுப்படியாகிற விலையில் மாற்ற, மனிதர்கள் செய்த முயற்சிகளைப் பற்றி நான் படித்ததை இங்கே சொல்லப் போகிறேன். நான் விஞ்ஞானி அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் இதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஒருவனுடைய குறையே அவனுக்குக் கைகொடுக்கும் கதை.

முதலில், பீங்கான் ஏன் உடைகிறது? பலம் இல்லாததாலா? இல்லை. ஜவுளிக் கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கைகளாலும் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் முழுத் துணி கிழியாது. கடைக்காரர் கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போடுகிறார்; பிறகு லேசாக இழுத்ததும் 'பர்' என்று கடைசி வரை ஓடிவிடுகிறது. துணியின் பலம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இழுத்த இழுப்பு முழுவதும் அந்த வெட்டின் நுனியில் வந்து குவிந்துவிட்டது. அவ்வளவுதான்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிலிஸ் என்ற எஞ்சினியர். 1913-ல், கப்பல் தகடுகளில் உள்ள துவாரங்களும் கூர்மையான மூலைகளும் எப்படித் தம்மைச் சுற்றியுள்ள பாரத்தையெல்லாம் இழுத்து ஓரிடத்தில் சேர்க்கின்றன என்று அவர் எழுதினார். அதைத் தொடர்ந்து சென்றவர் ஏ. ஏ. கிரிஃபித். ஃபார்ன்பரோவிலிருந்த பிரிட்டிஷ் அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இளைஞர். விமானம் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நூல்களை அறுபடும் வரை இழுத்துப் பார்த்தார். மெல்லியதாக ஆக ஆக, பருமனுக்குத் தக்கபடி பார்த்தால், நூலின் பலம் கூடிக்கொண்டே போயிற்று! மிக மெல்லிய நூல், தடித்த நூலைவிட ஏறக்குறைய 20 மடங்கு பலமாக இருந்தது. அதே கண்ணாடிதான். வித்தியாசம் என்னவென்றால், தடித்த நூலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஒளிந்திருக்க இடம் உண்டு. மெல்லியதில் இடம் இல்லை. 1921-ல் அச்சேறிய அவருடைய கட்டுரை, உடைவதைப் பற்றிய சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாக அமைந்தது.

ஆனால் அந்த ஆராய்ச்சி நீடிக்கவில்லை. கிரிஃபித்தின் சகா ஒருநாள் கண்ணாடி உருக்கும் வாயு விளக்கை அணைக்க மறந்துபோக, கட்டடத்தில் தீப்பிடித்துக்கொண்டது என்று ஒரு கதை உண்டு. விசாரணை நடந்தது. கண்ணாடியோடு விளையாடியது போதும் என்று மேலிடத்தில் உத்தரவாயிற்று. கிரிஃபித் விமான எஞ்சின் பக்கம் திரும்பினார். அதிலும் பெரிய பெயர் வாங்கினார். ஜெட் எஞ்சின் சுழலிகளைப் பற்றிய சிந்தனையில் அவர் முன்னோடி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டு கழித்து இந்தச் சுழலிகளே பீங்கானைத் தேடிக்கொண்டு வரப் போகின்றன.

கிரிஃபித் சொன்னதன் சாரம் இது: விரிசல் இல்லாத பொருள் உலகில் கிடையாது. உலோகத்தில் விரிசல் விழுந்தால், நுனியில் உள்ள அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்கின்றன. கூர் மழுங்குகிறது, விரிசல் நின்றுவிடுகிறது. பீங்கானின் அணுக்களுக்கு விட்டுக் கொடுக்கத் தெரியாது. ஆகவே விரிசல் கூர் மழுங்காமல் ஓடுகிறது. ஓட ஓட வேகம் கூடுகிறது. பலம் வேறு, தாக்குப் பிடிக்கும் குணம் வேறு. பீங்கானுக்குப் பலம் இருக்கிறது. தாக்குப் பிடிக்கும் குணம் இல்லை.

இதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. விரிசலே விழாதபடி குற்றமற்ற பொருளாகச் செய்வது ஒன்று. விழுந்த விரிசல் ஓடாதபடி நடுவில் வேலி போடுவது மற்றொன்று. முதல் வழி பணக்காரர்களின் வழி. தூசு தும்பு இல்லாத பொடி, ஒரே சீரான சூடு, வைரம் பதித்த சக்கரத்தில் தேய்ப்பு, உருப்படி உருப்படியாகப் பரிசோதனை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது வழி ஏழைகளின் வழி. அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல, குயவர்கள்.

அடுப்பில் ஏறுகிற சட்டிக்கு, குழைத்த களிமண்ணோடு மணல் சேர்ப்பது உலகம் முழுவதும் உள்ள பழைய வழக்கம். சில இடங்களில் வைக்கோல் துண்டு, சில இடங்களில் உமி, சில இடங்களில் உடைந்த பானையையே இடித்த பொடி. மணல் கலந்த சட்டி வழவழப்பாக இராது. உண்மையில், முதல் விரிசல் அதில் சீக்கிரமே விழுந்துவிடும். ஆனால் அந்த விரிசல் ஒரு மணலைச் சந்தித்ததும் திரும்ப வேண்டியிருக்கிறது. அடுத்ததில் இன்னொரு திருப்பம். இரண்டாகப் பிரிகிறது, மூன்றாகப் பிரிகிறது, களைத்துப்போய் நின்றுவிடுகிறது. நெருப்பில் வைத்து, இறக்கி, மறுபடி வைத்தாலும் சட்டி தாங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கைவேலை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு இரண்டு உதாரணங்கள். தெலுங்கானாவில் நிஜாமாபாத் பக்கம் கோனசமுத்திரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மூசையில் உருக்கி எஃகு செய்தார்கள். பாரசீகத்து வியாபாரிகள் அதைத் தேடி வந்து வாங்கிப் போனார்கள். அந்த மூசைகள் களிமண்ணும் நெல் உமியும் கலந்து செய்தவை. உமி கரிந்து போனாலும் அதன் மணற்சத்து மூசைக்குள் எலும்புக்கூடு போல நின்றது. எஃகு உருகும் சூட்டில் பல மணி நேரம் அந்த மூசை நிற்க வேண்டும், நின்றது. மற்றது ஜெர்மனியில் ஹெஸ்ஸ மாகாணத்து மூசை. குரோஸல்மரோட என்ற சிற்றூரில், நல்ல களிமண்ணில் மணல் கலந்து, மிகுந்த சூட்டில் சுட்டுச் செய்தார்கள். ரசவாதிகளும் நாணயச் சாலைக்காரர்களும் இந்த மூசைதான் வேண்டும் என்பார்கள். அமெரிக்காவில் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய ஜேம்ஸ்டவுன் வரையில் அது கப்பலேறிப் போயிருக்கிறது. அதன் ரகசியம், மிகுந்த சூட்டில் களிமண்ணுக்குள் உண்டாகும் ஊசி ஊசியான 'முல்லைட்' படிகங்கள் என்று 2006-ல்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். செய்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. கையும் உலையும் தெரியும்.

ஆனால் ஓர் எஞ்சின் பாகத்தை உமி கலந்து செய்ய முடியாது. அதற்கு வழவழப்பும் வேண்டும், பலமும் வேண்டும், தாக்குப் பிடிக்கும் குணமும் வேண்டும். மணல் கலப்பதால் கடைசியது கிடைக்கிறது. மற்ற இரண்டும் போய்விடுகின்றன. மூன்றையும் ஒன்றாகத் தரும் வேலி எது? விடை கிடைத்த இடம்தான் வேடிக்கை. பீங்கான்காரர்கள் 'உபயோகமில்லாத பயல்' என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பொருளில் அது கிடைத்தது.

இலங்கையின் தெற்கே மாத்தறைப் பக்கம் ஆற்று மணலில் ஒரு கல் கிடைக்கும். நிறமில்லாத வகையை 'மாத்தறை வைரம்' என்று சொல்லி விற்றார்கள். ஸிர்க்கான் என்பது அதன் பெயர். 1789-ல் பெர்லினில் கிளாப்ராத் என்ற ரசாயன நிபுணர், இலங்கையிலிருந்து வந்த இந்தக் கல்லைக் கரைத்துப் பார்த்து, இதுவரை யாரும் அறியாத ஒரு மண்சத்து அதில் இருப்பதைக் கண்டார். அதுதான் ஸிர்கோனியா. நம் கன்யாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் ஸிர்க்கான் உண்டு. கேரளத்துச் சவறையிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கடற்கரைகளில் ஏராளமாக உண்டு. அபூர்வமான சரக்கு அல்ல. காலில் மிதிபடுகிற மணல்.

ஸிர்கோனியா 2,600 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகும். உலைக்காரனுக்கு இதைவிட வேறு என்ன வரம் வேண்டும்? ஆனால் சுத்தமான ஸிர்கோனியாவில் ஒரு பாத்திரம் செய்து சுட்டால், ஆறும்போது அது தானாகவே வெடித்துப் பொடியாகிவிடும். யாரும் தொட வேண்டாம், போட வேண்டாம். காரணம் இது: மிகுந்த சூட்டில் அதன் படிகங்கள் ஒருவிதமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆறிக்கொண்டு வரும்போது, சுமார் 1,000 டிகிரி அளவில், அந்த அடுக்கு திடீரென்று மாறுகிறது. புதிய அடுக்குக்கு அதிக இடம் வேண்டும். நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு பருமன் கூடிவிடுகிறது. ஊரில் உள்ள பொருள்களெல்லாம் ஆறும்போது சுருங்கும், இது விரியும்! விரிந்தால் என்ன ஆகும்? வெடிக்கும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி நெர்ன்ஸ்ட், ஸிர்கோனியாவோடு இட்ரியா என்ற அபூர்வ மண்ணைக் கலந்து மின்சார விளக்குக்குக் குச்சி செய்தார், அது வெடிக்கவில்லை. 1929-ல் ரஃப், ஏபர்ட் என்ற இருவர், சுண்ணாம்புச் சத்தோ மக்னீஷியாவோ சேர்த்தால் ஸிர்கோனியாவின் அடுக்கு மாறாமல் நின்றுவிடுகிறது என்று விளக்கிக் காட்டினார்கள். பிள்ளை விஷமம் செய்யாமல் கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி. உலைக்குச் செங்கல் செய்ய அது உதவிற்று. ஆனால் கட்டிப் போட்ட பிள்ளையிடம் உற்சாகம் ஏது? முழுக்க அடக்கிய ஸிர்கோனியாவும் மற்றப் பீங்கான்களைப் போலவே சட்டென்று உடையும் சரக்காகவே இருந்தது.

இங்கேதான் ரான் கார்வி வருகிறார். ஸிர்கோனியாவை மிக மிகச் சிறு துகளாகச் செய்துவிட்டால், குளிர்ந்த பிறகும் அது சூட்டு நிலை அடுக்கை விடாமல் வைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி அவர் 1965-லேயே எழுதியவர். பிறகு அவர் மெல்போர்னுக்குப் போய், ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த நாட்டு மணலில் ஸிர்க்கான் கொட்டிக் கிடந்தது. மணலாக விற்பதைவிட நல்ல பொருளாக்கி விற்றால் லாபம் என்பது யாருக்கும் தெரிகிற விஷயம். கார்வியும், ஹானிங்க், பாஸ்கோ என்ற இரு சகாக்களும், பாதி மட்டும் அடக்கிய ஸிர்கோனியாவை எடுத்துக்கொண்டார்கள். அதாவது, கட்டிப் போட வேண்டிய மருந்தைக் குறைத்துப் போட்டார்கள். அப்படிச் செய்து, தக்க பக்குவத்தில் சூடு காட்டினால், அடங்கிய பெரும் பரப்புக்குள் அடங்காத சின்னஞ்சிறு துகள்கள் ஆயிரம் பதினாயிரமாகச் சிதறி நிற்கும். ஒவ்வொரு துகளுக்கும் விரிய ஆசை. ஆனால் சுற்றிலும் உள்ள கெட்டியான பொருள் நெருக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமில்லை. இழுத்து வைத்த எலிப்பொறி போல அப்படியே காத்திருக்கும்.

இப்போது ஒரு விரிசல் ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிசலின் நுனியில் இழுப்பு அதிகம் என்று முன்னமே சொன்னேன். அந்த இழுப்பு பக்கத்திலுள்ள துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. உடனே பொறி விழுகிறது! துகள்கள் ஒரே கணத்தில் அடுக்கு மாறி விரிகின்றன. விரிந்து நாலா பக்கமும் நெருக்குகின்றன. நடுவிலே அகப்பட்டுக்கொண்ட விரிசலின் வாய் அழுந்துகிறது. மேற்கொண்டு போக அதற்கு வழி இல்லை. பாத்திரத்தை வெடிக்கச் செய்த அதே விரிவு, விரிசலைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வேலியைத் தனியாகக் கொண்டு வந்து நட வேண்டியதில்லை. விரிசல் வரும் இடத்தில், அது வரும் நேரத்தில், வேலி தானே முளைக்கிறது.

1975-ல் இவர்கள் மூவரும் 'நேச்சர்' பத்திரிகையில் இதை வெளியிட்டார்கள். கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு: 'பீங்கான் எஃகு?' கொல்லன் பழுக்கக் காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் தோய்க்கும்போது நடக்கிறதே, அதே ஜாதி அடுக்கு மாற்றம்தான் ஸிர்கோனியாவிலும் நடக்கிறது. ஆகையால் அந்தப் பெயர். கூடவே ஒரு கேள்விக்குறி. கதைகளுக்குத் தலைப்பு வைத்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்குறியில் ஒரு யோக்கியதை இருக்கிறது. எஞ்சினியர்களிடம் தாக்குப் பிடிக்கும் குணத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அதில் கண்ணாடிக்கு 1-க்கும் குறைவு. நல்ல அலுமினாப் பீங்கானுக்கு 3, 4. இந்தப் புதிய ஸிர்கோனியாவுக்கு 8, 10, பக்குவம் நன்றாக அமைந்தால் அதற்கு மேலும். ஆனால் சாதாரண எஃகுக்கு 50-க்கு மேல். பெரிய தாண்டல்தான், ஆயினும் எஃகு இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

உலகம் கேள்விக்குறியைக் கவனிக்கவில்லை. அது எஞ்சின் மோகம் பிடித்த காலம். கிரிஃபித் சிந்தித்த அந்தச் சுழலிகளைப் பீங்கானால் செய்துவிட்டால், எஞ்சினை இன்னும் அதிகச் சூட்டில் ஓட்டலாம், எண்ணெய்ச் செலவு குறையும் என்று அமெரிக்க அரசாங்கம் 1971-லேயே ஃபோர்டு, வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிகளோடு சேர்ந்து ஒரு பெரிய திட்டம் போட்டிருந்தது. அவர்கள் நம்பியது ஸிலிகான் நைட்ரைடு, ஸிலிகான் கார்பைடு என்ற வேறு இரு பொருள்களை. ஜப்பானில் இந்த மோகம் ஜுரமாகவே அடித்தது. 1985-ல் நிஸ்ஸான் கம்பெனி ஒரு மோட்டாரின் டர்போவில் ஸிலிகான் நைட்ரைடுச் சுழலியைப் பொருத்தி விற்றது. வேலை செய்தது. ஆனால் நாம் ஓட்டுகிற மோட்டார்களின் எஞ்சின் இன்றும் உலோகம்தான். பீங்கானால் முடியாது என்பதல்ல. அந்த விலைக்கு முடியவில்லை. சுட்ட பிறகு கடினமாகிவிடும் பொருளை வைரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டு வரும் கூலியே பொருளின் விலையை விழுங்கிவிடும். ஆயிரத்தில் ஒன்று கூட உடையக் கூடாது என்றால், ஆயிரத்தையும் பரிசோதிக்கும் செலவு வேறு.

ஆகவே உண்மையான வேலை சத்தமில்லாமல் வேறு பக்கம் நடந்தது. 1976-ல் ஜெர்மனியில் நில்ஸ் கிளாஸன் ஒரு சிக்கனமான யோசனையைக் காட்டினார். முழுப் பொருளும் ஸிர்கோனியாவாக இருப்பானேன்? அலுமினா விலை குறைந்தது; தீப்பொறி பிளக்குகளில் வெகு காலமாகப் பழகியது. அதற்குள், அடக்கும் மருந்து எதுவும் சேர்க்காத ஸிர்கோனியாவைக் கொஞ்சம் தூவினால் போதாதா? குழம்புக்குப் பெருங்காயம் போல. தூவிப் பார்த்தார். ஒவ்வொரு துகளும் ஆறும்போது விரிந்து, தன்னைச் சுற்றி மிக நுண்ணிய விரிசல்களை உண்டாக்கிற்று. பெரிய விரிசல் வரும்போது, இந்தச் சிறு விரிசல்களில் மாட்டிக்கொண்டு வழி தவறிச் சக்தியை இழந்தது. குயவருடைய மணல், பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1977-ல் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் குப்தாவும் கூட்டாளிகளும், இட்ரியா கொஞ்சம் சேர்த்து, மிக நைசான துகள்களால் ஆன, முழுவதும் பொறி இழுத்து வைத்த நிலையிலேயே நிற்கும் ஸிர்கோனியாவைச் செய்து காட்டினார்கள். பிறகு கம்பி இழுக்கும் அச்சுகள் வந்தன. சமையலறைக் கத்தியும் வந்தது.

கட்டுப்படியாகும் வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தது பல் வைத்தியர்களுடைய தந்திரம். இன்று பல்லுக்குப் போடுகிற வெள்ளைக் கிரீடத்தில் பெரும்பகுதி ஸிர்கோனியா. சுட்டுக் கடினமான பிறகு அதைப் பல்லின் வடிவத்துக்குக் கடைவதென்றால் வைரக் கருவி தேய்ந்து மாளாது. 1990-களின் பிற்பகுதியில் ஜூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வழி கண்டார்கள். பொடியை அரைகுறையாகச் சுட்டால் சாக்குக் கட்டி போன்ற ஒரு பதம் வரும். அந்தப் பதத்திலேயே கடைந்துவிடுவது. ஆனால் வேண்டிய அளவைவிட நாலில் ஒரு பங்கு பெரிதாகக் கடைவது. பிறகு முழுச் சூட்டில் வைத்தால் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். எவ்வளவு சுருங்கும் என்ற கணக்குச் சுத்தமாக இருந்தால் போதும். கொழுக்கட்டை வேகும்போது பருக்கும் என்று தெரிந்து சிறிதாகப் பிடிப்பது போல, இதைச் சுருங்கும் என்று தெரிந்து பெரிதாகப் பிடிக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை சுபமாக முடியும். ஆனால் சரித்திரம் அப்படி விடுவதில்லை.

இழுத்து வைத்த எலிப்பொறி என்றேன். பொறிக்கு எலி வந்தால்தான் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, காற்றடித்தாலும் விழலாம். 1981-ல் ஜப்பானில் கோபயாஷியும் சகாக்களும், இட்ரியா சேர்ந்த ஸிர்கோனியாவை 250 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் வெகு நேரம் வைத்திருந்தால், யாரும் உடைக்காமலே மேற்பரப்பில் அடுக்கு மாறிப் பலம் குன்றுவதைக் கண்டார்கள். அதற்குத் தூண்டுகோல் ஈரம் என்று பின்னால் தெளிவாயிற்று. ஆயிரம் டிகிரிக்கு அஞ்சாத பொருளுக்குத் தண்ணீர் பகை! உடம்பின் சூட்டில் இந்த மாற்றம் மிக மிக மெதுவாகவே நடக்கும். ஆனால் மனித உடம்பு முழுவதும் ஈரம். அதற்குள் வைக்கும் பொருள் பத்து இருபது வருஷம் இருக்க வேண்டும்.

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கிற ரண சிகிச்சை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடை எலும்பின் தலையில் ஒரு பந்து. அது ஒரு கிண்ணத்தில் சுழலும். 1980-களின் நடுவிலிருந்து அந்தப் பந்தை ஸிர்கோனியாவில் செய்தார்கள். வழவழப்பு, பலம், தாக்குப் பிடிக்கும் குணம் எல்லாம் ஒருங்கே இருந்தன. லட்சக் கணக்கானவர்கள் அந்தப் பந்தோடு நடந்தார்கள். 1998-ல், முக்கியமான தயாரிப்பாளரான ஒரு பிரெஞ்சுக் கம்பெனி உலையை மாற்றிற்று. அதுவரை ஒரு தொகுதியை அடுக்கி, சுட்டு, ஆறவிட்டு, எடுத்து, அடுத்ததை அடுக்குவார்கள். புதியது சுரங்க உலை. ஒரு பக்கம் சரக்கு நுழைந்துகொண்டே இருக்கும், மறு பக்கம் வெந்து வந்துகொண்டே இருக்கும். பொருள் அதேதான். பொடி அதேதான். ஆனால் அந்த உலையில் வெந்த சில தொகுதிகளில், பந்தின் உட்புறப் பக்குவம் சற்றே வேறாக அமைந்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பின் ஈரத்தில் அங்கே பொறிகள் காலத்துக்கு முன்பே விழத் தொடங்கின.

வழக்கமாக ஆயிரங்களில் ஒன்று உடையும் பந்துகள், அந்தத் தொகுதிகளில் மளமளவென்று உடைந்தன. 2001 ஆகஸ்டில் கம்பெனி அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கடையில் இருந்ததைத் திரும்பப் பெறலாம். ஒரு கிழவியின் இடுப்பில் இருப்பதை எப்படித் திரும்பப் பெறுவது? உடைந்தவர்களுக்கு மறுபடியும் அறுவை. சில்லுகளைத் தேடித் தேடி எடுத்தாக வேண்டும். உடையாதவர்களுக்கு, ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஒரு பயம். தன் எலும்புக்குள் இருக்கிற பொருளின் பெயர் கூட அவர்களில் பலருக்கு அதுவரை தெரிந்திராது. சுத்த ஸிர்கோனியாப் பந்துகளின் மேலிருந்த நம்பிக்கை அந்த ஒரு சம்பவத்தில் போய்விட்டது.

ஆனால் ஆராய்ச்சி போகவில்லை. கிளாஸனுடைய பெருங்காய வழிக்குத் திரும்பினார்கள். அலுமினாவைப் பெரும்பகுதியாக வைத்து, ஆறில் ஒரு பங்கு போல ஸிர்கோனியாவைத் துகளாகச் சிதற விட்டார்கள். ஈரம் ஒரு துகளைத் தொட்டாலும், அடுத்த துகளுக்கு மாற்றம் தொற்றிக்கொண்டு போகாதபடி நடுவில் அலுமினா நிற்கிறது. விரிசலுக்கு ஸிர்கோனியா வேலி. ஸிர்கோனியாவுக்கு அலுமினா வேலி. இன்று செயற்கை மூட்டுகளில் பெரிதும் வழங்கும் பீங்கான் இந்த ஜாதிதான். விலை உயர்ந்த சரக்கைக் குறைத்ததால் பொருள் மட்டமாகவில்லை, மேலும் நம்பகமாயிற்று.

இந்தச் சரித்திரத்தைப் படித்த பிறகு, சிக்கனத்தில் இரண்டு விதம் உண்டு என்பது எனக்கு விளங்கிற்று. பொருளின் குணத்தைத் தெரிந்துகொண்டு, அதன் குறையையே வேலை வாங்கி, செலவைக் குறைப்பது ஒன்று. உமி கலந்த கோனசமுத்திரத்தார், மணல் கலந்த ஹெஸ்ஸக் குயவர்கள், மருந்தைக் குறைத்துப் போட்ட கார்வி, தூவிப் பார்த்த கிளாஸன், பெரிதாகக் கடைந்த ஜூரிச்சுக்காரர்கள் எல்லாரும் இந்த ஜாதி. நேற்று வரை சரியாக வெந்தது, இன்றும் வேகும் என்று நம்பி உலையை மாற்றுவது மற்றொன்று. சுரங்க உலையின் மேல் தவறில்லை. அதில் எத்தனையோ நல்ல பீங்கான் வேகிறது. அந்த உலையில் இந்தப் பொருள் எப்படி வேகிறது என்பதைப் பார்க்கத் தவறியதுதான் வினையாயிற்று. மண் பானைக்காரர் புதுச் சூளை போட்டால், முதல் சூளைப் பானைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். அந்தக் காது எவ்வளவு விலையுயர்ந்த யந்திரத்துக்கும் வேண்டியிருக்கிறது.

மெல்போர்னில் மூன்று பேர் தங்கள் கட்டுரைத் தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டு ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. பீங்கான் எஃகாகிவிடவில்லை. பல்லில் கடிக்கிறது, இடுப்பில் நடக்கிறது, காய்கறி நறுக்குகிறது, கம்பி இழுக்கிறது. கீழே போட்டால் இன்றும் உடையத்தான் செய்கிறது, முன்னைக்கு இப்போது கொஞ்சம் தயங்கி உடைகிறது. அந்தத் தயக்கத்தைச் சம்பாதிக்கத்தான் இத்தனை பேர் இத்தனை காலம் உழைத்தார்கள். கேள்விக்குறி இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை அவசரப்பட்டு எடுத்துவிடாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.